நிமோனியாவும் வயசும்: "இம்யூனிட்டி கம்மி"ன்னு சொல்லிட்டா போதுமா?

நிமோனியால யாரு அதிகமா சாகுறாங்கன்னு வயசு வாரியா ஒரு கிராஃப் போட்டா அது ரெண்டு பக்கமும் மேல தூக்கிக்கிட்டு நடுவுல குழியா இருக்கும். இடது ஓரத்துல, அதாவது பொறந்ததுல இருந்து ஒரு ரெண்டு வயசு வரைக்கும், கோடு உச்சில நிக்கும். அப்புறம் சரசரன்னு எறங்கி அஞ்சு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் தரையோட தரையா ஓடும், அதுக்கப்புறம் மெதுவா ஏற ஆரம்பிச்சு அம்பதுக்கு மேல வேகம் புடிச்சு, எழுபது தாண்டினா செங்குத்தா போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 2019ல மட்டும் அஞ்சு வயசுக்கு கீழ 7,40,000 குழந்தைங்க நிமோனியால போயிருக்காங்க, அந்த வயசுல நடந்த மொத்த மரணத்துல இது 14 சதவீதம்.

இந்த கிராஃப பாத்ததும் எல்லாரும் சொல்ற விளக்கம் ஒன்னுதான், சின்னப் புள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் இம்யூனிட்டி கம்மி. தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அதை வெச்சு எதுவும் புரிஞ்சுக்கவும் முடியாது. குழந்தைக்கு இல்லாதது வேற, பெரியவங்களுக்கு இல்லாதது வேற. இன்னும் சொல்லப்போனா வயசான உடம்புல சில விஷயம் கம்மியாவே இல்ல, தேவைக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கு, பிரச்சினையே அதுதான். "இம்யூனிட்டிய ஏத்துங்க"ன்னு விக்கிற பாட்டிலப் பாக்கும்போதெல்லாம் எனக்கு தோணுற கேள்வி, எதை ஏத்தப் போறீங்க?

சரி, அடிப்படைல இருந்து வருவோம். மூச்சுக்குழாய் பிரிஞ்சு பிரிஞ்சு போயி கடைசில குட்டி குட்டி காத்துப்பைகளா முடியுது, ரெண்டு நுரையீரல்லயும் சேத்து இந்தப் பைங்க 30 கோடிக்கும் மேல இருக்கும். ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள்ள போறதும் கார்பன் டை ஆக்ஸைடு வெளிய வர்றதும் இங்கதான். இதுக்குள்ள பாக்டீரியா, வைரஸ் மாதிரி கிருமி போயி பெருகி, அதை எதுத்து வர்ற செல்லுங்களும் கசியுற தண்ணியும் சேந்து பை நெரம்பிடுச்சுன்னா அதுதான் நிமோனியா. நெரம்பின பைல காத்துக்கு எடம் இல்ல, அதனாலதான் மூச்சு வாங்குது. இன்னொரு விஷயத்தையும் கவனிங்க, அந்தப் பைய நெரப்புறதுல கிருமியோட பங்கு கொஞ்சம்தான், பெரும்பாலும் நம்ம உடம்போட எதிர்வினைதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

பாக்டீரியால வர்ற நிமோனியாவுக்கு முக்கியமான ஆளு நிமோகாக்கஸ். முழுப்பேரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. 1881ல பிரான்ஸ்ல லூயி பாஸ்டரும் அமெரிக்கால ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. இவன் எங்கிருந்தோ படையெடுத்து வர்றவன்னு நெனச்சுக்க வேணாம், நெறைய பேரோட மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல இருக்க எடத்துல பேசாம குடியிருப்பான், ஒன்னும் ஆகாது. குறிப்பா சின்னப் புள்ளைங்க மூக்குல ரொம்ப சகஜம், வளர வளர கொறஞ்சிடும். கீழ நுரையீரலுக்கு எறங்கி, அங்க யாரும் தடுக்கலன்னாதான் வம்பு.

இவனோட பலமே மேல போத்தியிருக்க சர்க்கரை உறைதான், பாலிசாக்கரைடுன்னு சொல்லுவாங்க. இந்த உறை இருக்கறதால நம்ம உடம்புல பாக்டீரியாவ விழுங்குற செல்லுங்களுக்கு இவனைப் புடிக்கவே பிடிமானம் கெடைக்காது, வழுக்கிட்டு போயிடுவான். உறையோட ரசாயன அமைப்பு வேற வேறயா இருக்கறதுல 100க்கும் மேல வகை இருக்கு, ஒரு வகைக்கு எதிரா தயாரான ஆன்டிபாடி பொதுவா இன்னொரு வகைகிட்ட செல்லாது. உறை போச்சுன்னா ஆளு பூஜ்யம். 1928ல ஃப்ரெடரிக் கிரிஃபித் எலிங்கள வெச்சு பண்ண பரிசோதனைல உறை இல்லாத வகைய ஊசி போட்டா எலி நல்லா இருந்துச்சு, உறை உள்ளதப் போட்டா செத்துச்சு. அப்புறம் அவரு சாகடிச்ச உறைக்காரனையும் உயிரோட இருக்க உறை இல்லாதவனையும் கலந்து போட்டப்போ எலி செத்துப்போச்சு, ரத்தத்துல உயிரோட இருந்தது உறை போட்ட பாக்டீரியா! செத்தவன்கிட்ட இருந்து ஏதோ ஒன்னு மாறியிருக்கு, அந்த ஏதோ ஒன்னு டிஎன்ஏதான்னு 1944ல ஏவெரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூணு பேரும் காட்டினாங்க. மரபணு டிஎன்ஏலதான் இருக்குன்னு மனுஷனுக்கு தெரிய வந்ததே இந்த நிமோனியா கிருமியோட சட்டைய ஆராஞ்சதாலதான், நம்ம டாபிக்குக்கு சம்பந்தம் இல்லன்னாலும் சொல்லாம விட மனசு வரல.

இப்போ நம்ம பக்கம். தூங்கும்போது எச்சில்ல ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள்ள எறங்குறது ஆரோக்கியமான ஆளுங்களுக்கே நடக்குற விஷயம், அந்தத் துளில பாக்டீரியா இருக்கும். ஆனாலும் தெனமும் நிமோனியா வர்றதில்லையே, ஏன்? மூச்சுக்குழாய் உள்பக்கம் சளி பூசியிருக்கும், அதுக்கு அடில சீலியான்னு நுண்ணிய முடிங்க ஒரே திசைல அடிச்சு அடிச்சு சளிய மேல தள்ளிக்கிட்டே இருக்கும், மேல வந்தத நாம தெரியாமலே முழுங்கிடுவோம். பெருசா ஏதாவது எறங்குனா இருமல் தூக்கி வெளிய போடும். இதையும் தாண்டி காத்துப்பை வரைக்கும் போனவனை அங்கயே குடியிருக்க மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் விழுங்கிடும். அதால சமாளிக்க முடியலன்னா ரசாயன சிக்னல் அனுப்பும், ரத்தத்துல இருந்து நியூட்ரோஃபில்னு வெள்ளணுக்கள் கூட்டமா எறங்கி வரும். ஆன்டிபாடியும், ரத்தத்துல இருக்க காம்ப்ளிமென்ட்ங்குற புரதங்களும் அந்த வழுக்குற உறை மேல போயி ஒட்டிக்கிட்டு விழுங்குற செல்லுக்கு பிடிமானம் குடுக்கும். நிமோகாக்கஸ் விஷயத்துல இந்தக் கடைசி வேலை இல்லன்னா மத்த எதுவும் சரியா நடக்காது.

மொதல்ல குழந்தை பக்கம் போலாம்.

பொறக்கும்போது குழந்தைகிட்ட சொந்த அனுபவம் சுத்தமா கிடையாது, அம்மாவோட ஆன்டிபாடிய வாங்கிட்டு வருது. ஐஜிஜி வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா போகும், அதுல பெரும்பகுதி கடைசி மூணு மாசத்துலதான் போகும், அதனால ஏழாம் மாசத்துல பொறந்த குழந்தைக்கு இந்த கையிருப்பு ரொம்ப கம்மி. இந்த ஐஜிஜி சுமாரா மூணு வாரத்துக்கு ஒரு தடவ பாதியா கொறையும், ஆறு மாசத்துக்குள்ள பெரும்பாலும் காலி. சர்க்கரை உறைய எதுக்கறதுல பெரியவங்க அதிகமா பயன்படுத்துறது ஐஜிஜி2ங்குற உட்பிரிவு, நஞ்சுக்கொடி வழியா நல்லா கடக்காததும் அதேதான், என்ன பண்றது. தாய்ப்பால்ல வர்ற ஐஜிஏங்குற இன்னொரு வகை ஆன்டிபாடி ஒரு துணை.

நியூட்ரோஃபில் கதை இன்னும் மோசம். பெரியவங்க எலும்பு மஜ்ஜைல ஸ்டாக் நெறைய இருக்கும், இன்ஃபெக்ஷன் வந்தா கொட்டிக்கிட்டே இருக்கலாம். பச்சக் குழந்தைக்கு அந்த ஸ்டாக் சின்னது, கடுமையான இன்ஃபெக்ஷன்ல சீக்கிரம் தீந்துடும், ரத்தத்துல வெள்ளணு ஏறுறதுக்கு பதிலா எறங்குறத பாத்தா டாக்டருங்க பதறுறது அதனாலதான். இருக்கற நியூட்ரோஃபிலும் ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டி வெளிய வர்றதுல மந்தம். காம்ப்ளிமென்ட் புரதமும் பெரியவங்க அளவுல ஏறக்குறைய பாதிதான் பல குழந்தைங்களுக்கு. பொறந்த மொத சில நாள்ல வர்ற நிமோனியாவுக்கு காரணமே பெரும்பாலும் வேற ஆளுங்க, பிரசவப் பாதைல இருந்து வர்ற குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈகோலை மாதிரி.

சரி, ஆறு மாசம் ஆச்சு, ஒரு வயசு ஆச்சு, குழந்தை சொந்தமா ஆன்டிபாடி தயாரிக்க ஆரம்பிச்சிடுச்சு, அப்புறமும் ஏன் ரெண்டு வயசு வரைக்கும் நிமோகாக்கஸ்கிட்ட இவ்ளோ அடி வாங்குது? இங்கதான் அந்த சர்க்கரை உறை திரும்ப வருது. ஆன்டிபாடி தயாரிக்கற பி செல்லுக்கு வழக்கமா டி செல்னு இன்னொரு வகை வெள்ளணுவோட உதவி வேணும், ஆனா டி செல்லுக்கு புரதத்தத்தான் அடையாளம் தெரியும், வெறும் சர்க்கரைய காட்டுனா கண்டுக்காது. அதனால சர்க்கரை உறைக்கு எதிரா டி செல் இல்லாம தானா வேலை செய்யுற ஒரு தனி பி செல் கூட்டம் வேணும், அது மண்ணீரல்ல மார்ஜினல் ஸோன்னு ஒரு பகுதில இருக்கு, அந்தப் பகுதி சரியா முதிர்ச்சி அடையறதுக்கு ரெண்டு வயசு ஆகுது. அதுவரைக்கும் குழந்தையோட உடம்பு அந்த உறையப் பாத்தும் பாக்காத மாதிரிதான் இருக்கும். சக்தி இல்லாம இல்லைங்க, அந்த ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும் இன்னும் கண்ணு தொறக்கல. மண்ணீரல ஆபரேஷன்ல எடுத்தவங்களுக்கு எந்த வயசா இருந்தாலும் நிமோகாக்கஸ் பெரிய ஆபத்தா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய நிமோனியா தடுப்பூசி, 23 வகையோட சர்க்கரைய மட்டும் வெச்சு செஞ்சது, ரெண்டு வயசுக்குள்ள குடுத்தா வேலை செய்யாததும் இதே காரணம்தான். இதுக்கு ஒரு அழகான வழி கண்டுபிடிச்சாங்க: சர்க்கரைய ஒரு புரதத்தோட ரசாயன முறைல ஒட்டிடறது. பி செல் சர்க்கரையப் புடிச்சு உள்ள இழுக்கும்போது கூடவே புரதமும் உள்ள போகும், அந்தப் புரதத்தோட துண்ட டி செல்லுகிட்ட காட்டும், டி செல் முழிச்சுக்கிட்டு உதவிக்கு வரும், ஆன்டிபாடியும் வரும் ஞாபகமும் தங்கும். புரதத்த ஒட்டுனா சர்க்கரைக்கு எதிரா ஆன்டிபாடி வரும்னு ஏவெரியும் கோபலும் 1929லயே முயல வெச்சு காட்டியிருக்காங்க (ஆமா, அதே டிஎன்ஏ ஏவெரிதான்). குழந்தைங்களுக்கான நிமோகாக்கஸ் கான்ஜுகேட் தடுப்பூசியா (கான்ஜுகேட்னா இப்படி ஒட்டி செஞ்சது) அது அமெரிக்கால அனுமதி வாங்க 2000 வரைக்கும் ஆச்சு. இதுல பல தடுப்பூசிங்கள்ல ஒட்டற புரதம் டிப்தீரியா நஞ்சோட விஷம் போன ஒரு வடிவம்.

ரெண்டு வயசு தாண்டிட்டா நெலமை மள மளன்னு மாறும். மண்ணீரல் தயார், மூக்குல ஒவ்வொரு வகையா வந்து தங்கிட்டு போகப் போக ஒவ்வொன்னுக்கும் ஆன்டிபாடி சேரும், மூச்சுக்குழாயும் அகலமாகுது. அஞ்சுல இருந்து பதினாலு வரைக்கும் இருக்கறதுதான் இந்த விஷயத்துல மனுஷனோட பொற்காலம். 1918 ஃப்ளூல கூட, அதுல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஃப்ளூ வைரஸுக்கு பின்னாடியே வந்த பாக்டீரியா நிமோனியாலதான் செத்தாங்கன்னு பின்னாடி தெரிஞ்சது, அந்த வருஷத்துல கூட இந்த வயசுப் புள்ளைங்கள்லதான் சாவு ரொம்ப கம்மி. இருவதுல இருந்து நாப்பது வயசு திடகாத்திரமான ஆளுங்க கொத்து கொத்தா போனாங்க, ஸ்கூல் போற புள்ளைங்க தாக்குப்புடிச்சாங்க. ஏன்னு இன்னைக்கும் ஆராய்ச்சியாளருங்க வாதம் பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க.

இனிமே வயசான பக்கம், இதுலதான் விஷயம் ஜாஸ்தி.

மொதல்ல வெறும் மெக்கானிக்கல் சமாச்சாரம். வயசாக ஆக சீலியா அடிக்கிற வேகம் கொறையுது, சளி மேல ஏற நேரம் எடுக்குது. நெஞ்சுக்கூடு விறைப்பாகுது, மூச்சுத் தசை தளருது, அதனால இருமுனா அந்த பழைய உந்துதல் இருக்காது. முழுங்குறதும் இருமுறதும் சேந்து நடக்குற நரம்பு ஒருங்கிணைப்பு மந்தமாகுது, பக்கவாதம் வந்தவங்களுக்கும் பார்க்கின்சன் இருக்கறவங்களுக்கும் இது இன்னும் மோசம், எச்சில் உள்ள எறங்குனாலும் இருமலே வராது. சிகரெட் புடிச்சவங்க சீலியா பத்தி சொல்லவே வேணாம். ஆக உள்ள எறங்குற பாக்டீரியாவோட அளவே அதிகம், சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே.

அடுத்து, காத்துப்பைல இருக்க மேக்ரோஃபேஜ். வயசான எலிங்கள்ல இதோட விழுங்குற திறன் கொறையுறதப் பாத்திருக்காங்க, பாக்டீரியாவ புடிக்கற மார்க்கோங்குற ஒரு ஏற்பியும் வயசோட கொறையுது. விழுங்குறது மட்டும் இல்ல, சண்டை முடிஞ்ச பின்னாடி செத்த நியூட்ரோஃபில கூட்டித் தள்ளுறதும் இதோட வேலைதான், அதுவும் லேட்டாகுது. வயசானவங்களுக்கு நிமோனியா சரியான பின்னாடியும் எக்ஸ்ரேல அந்த வெள்ளத் திட்டு வாரக்கணக்குல போகாம நிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

இப்போ நான் ஆரம்பத்துல சொன்ன "கூடுதலா இருக்கு" விஷயம். வயசான பல பேரோட ரத்தத்துல, எந்த இன்ஃபெக்ஷனும் இல்லாத சாதாரண நாள்லயே, ஐஎல்-6, டிஎன்எஃப் மாதிரி அழற்சி சிக்னலுங்க லேசா ஏறியே இருக்கும். இதுக்கு இத்தாலி விஞ்ஞானி க்ளாடியோ ஃப்ராஞ்செஸ்கி 2000ல "இன்ஃப்ளமேஜிங்"னு பேரு வெச்சாரு, அழற்சிய குறிக்கற இன்ஃப்ளமேஷனையும் வயசாகறத குறிக்கற ஏஜிங்கையும் சேத்த சொல்லு. இந்த சிக்னல் எல்லாம் கிருமிய எதுக்கத்தானே, ஏறி இருந்தா நல்லதுதானேன்னு கேக்கலாம். டிவி எந்நேரமும் சத்தமா ஓடுற வீட்டுல காலிங் பெல் அடிச்சா யாரு காதுல விழும்? அதுதான் நடக்குது. எப்பவும் பாதி உசுப்பி விட்ட நெலமைல இருக்க செல்லுக்கு நெஜமான பாக்டீரியா வந்து நிக்கும்போது வர்ற சிக்னல் பெருசா தெரியறதில்ல, எதிர்வினை தாமதமாகுது, அப்படியே வந்தாலும் அளவு தெரியாம வருது.

இது வெறும் கணிப்பு இல்ல. கனடால மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல டான் பௌடிஷோட குழு வயசான எலிங்கள வெச்சு பண்ண வேலைல, டிஎன்எஃப் ஏறி இருக்கறதால மோனோசைட்னு ஒரு வகை வெள்ளணுங்க முதிர்ச்சி அடையாமலே மஜ்ஜைய விட்டு வெளிய வந்துடுது, அதுங்க சத்தம் போடுறதுல கில்லாடி ஆனா நிமோகாக்கஸ கொல்றதுல சுமார்னு 2016ல காட்டினாங்க. டிஎன்எஃப கொறைச்சப்போ வயசான எலி நிமோகாக்கஸ முன்ன விட நல்லா சமாளிச்சுது. நிதானமா யோசிச்சுப் பாருங்க, இம்யூனிட்டியோட ஒரு சிக்னல கொறைச்சதும் பாதுகாப்பு கூடியிருக்கு. அந்தப் பாட்டில் விக்கிறவங்க இதை எந்த லேபிள்ல போடுவாங்க? அடுத்த வருஷமே அதே குழு இன்னொன்னும் காட்டுச்சு, குடல்ல எந்த கிருமியுமே இல்லாம வளத்த எலிங்களுக்கு வயசானாலும் இந்த அழற்சி ஏறல. வயசாகும்போது குடல் சுவர் லேசா கசிஞ்சு கிருமியோட துணுக்குங்க ரத்தத்துல கலக்கறது இந்த சத்தத்துக்கு ஒரு காரணம்னு அதுல இருந்து தெரிய வருது. நுரையீரல் வியாதிக்கு வேர் குடல்ல போயி நிக்குது.

இதுல இன்னொரு கொடுமை, இந்த நாள்பட்ட அழற்சியால நுரையீரல் செல்லுங்க மேல சில ஏற்பிங்க அதிகமா முளைக்குது, நிமோகாக்கஸ் ஒட்டிக்கறது அதே ஏற்பிங்க மேலதான்.

நியூட்ரோஃபிலுக்கு வருவோம், எனக்கு இதுல ரொம்ப புடிச்ச பகுதி இதுதான். ஆரோக்கியமான பெரியவங்க உடம்புல தெனமும் பத்தாயிரம் கோடி அளவுல நியூட்ரோஃபில் உற்பத்தியாகுது, வயசானதால இந்த எண்ணிக்கை பெருசா கொறையறதில்ல, பிளட் டெஸ்ட்ல நார்மல்னுதான் வரும். கோளாறு எங்கன்னா, நடைல. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துல எலிசபெத் சேப்பி, ஜேனட் லார்ட் குழு சின்ன வயசுக்காரங்க ரத்தத்துல இருந்தும் வயசானவங்க ரத்தத்துல இருந்தும் நியூட்ரோஃபில பிரிச்சு எடுத்து, ஒரு பக்கம் மட்டும் அழைப்பு சிக்னல் வெச்சுட்டு, மைக்ராஸ்கோப் அடில ஒவ்வொரு செல்லும் எப்படி ஊந்து போகுதுன்னு பாத்தாங்க. இளசோட செல் சிக்னல் இருக்க பக்கம் ஓரளவு நேரா போச்சு. வயசானவங்களோட செல்லும் அதே வேகத்துல போச்சு, நிக்கல, ஆனா திசை தப்பி அங்கயும் இங்கயும் அலைஞ்சுது.

இதுல நேரம் வீணாகுறது மட்டும் இல்ல. நியூட்ரோஃபில் திசுவுக்குள்ள வழி பண்ணிக்கறதுக்கு எலாஸ்டேஸ்னு ஒரு நொதிய விட்டுக்கிட்டே போகும், அது எதிர்ல இருக்க புரதத்த வெட்டும். நேரா போனா வெட்டு கம்மி, சுத்தி சுத்தி போனா வழியெல்லாம் வெட்டு. அப்போ பாக்டீரியாகிட்ட போயி சேர்றதும் லேட்டு, போற வழில நம்ம நுரையீரலுக்கே சேதமும் ஜாஸ்தி. வயசானவங்களுக்கு ஒரே நேரத்துல இன்ஃபெக்ஷனும் அடங்கல, நுரையீரலும் புண்ணாகுதுன்னா அது எப்படின்னு இப்போ புரியுதுல்ல. பிஐ3கேன்னு செல்லுக்குள்ள இருக்க ஒரு சிக்னல் பாதை அதிகமா ஓடுறதுதான் இந்த திசை தப்புறதுக்கு காரணம்னும், அதை மருந்தால அடக்குனா வயசான செல்லும் நேரா நடக்குதுன்னும் அவங்க 2014ல காட்டினாங்க. இங்கயும் அதிகமா ஓடுனத கொறைச்சாங்க, எதையும் ஏத்தல, கவனிச்சீங்களா? கொலஸ்ட்ராலுக்கு குடுக்கற சிம்வாஸ்டாட்டின வெச்சும் பாத்திருக்காங்க. நிமோனியாவுக்கு வழக்கமா குடுக்கற சிகிச்சைல இதெல்லாம் இன்னும் சேரல, அதனால யாரும் இதைப் படிச்சுட்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேணாம்.

ஆன்டிபாடிலயும் இதே மாதிரி ஒரு ஏமாத்து இருக்கு. தடுப்பூசி போட்ட பின்னாடி வயசானவங்க ரத்தத்துல ஆன்டிபாடி அளவ மட்டும் அளந்தா பல வகைக்கு இளசுங்க அளவுக்கு கிட்டத்தட்ட இருக்கும். ஆனா அந்த ஆன்டிபாடிய எடுத்து, உயிரோட இருக்க நிமோகாக்கஸோட கலந்து, விழுங்குற செல்லையும் போட்டு, எவ்ளோ பாக்டீரியா நெஜமா சாகுதுன்னு பாத்தா வித்தியாசம் தெரியும், வயசானவங்க ஆன்டிபாடிக்கு கொல்ற திறன் கம்மி. சர்க்கரை உறைக்கு எதிரா மொதல்ல வர்ற ஐஜிஎம் வகையும், அதைத் தயாரிக்கற நினைவு பி செல்லும் வயசோட கொறையறது இதுக்கு ஒரு காரணம். நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்க தைமஸ் சுரப்பி பருவ வயசுல இருந்தே சுருங்கி கொழுப்பா மாறிட்டு வர்றதால புது டி செல் வரவும் ரொம்ப கொறஞ்சிடும், பழைய ஸ்டாக்க வெச்சுதான் ஓட்டணும்.

இதெல்லாம் வெளிய எப்படி தெரியும்? இங்கதான் பல வீடுங்கள்ல கோட்ட விடுறாங்க. காய்ச்சல், குளிர், நெஞ்சு வலி, துரு நெறத்துல சளி, இதெல்லாம் ஒரு நடுத்தர வயசு ஆளோட உடம்பு சத்தமா எதிர்வினை பண்றதோட அடையாளம். எண்பது வயசுக்காரருக்கு காய்ச்சலே வராம இருக்கலாம், இருமல் பேருக்கு இருக்கும். அதுக்கு பதிலா நேத்து வரைக்கும் நல்லா பேசிக்கிட்டு இருந்தவரு திடீர்னு எடம் தெரியாம பேசுவாரு, சாப்பாடு வேணாம்பாரு, பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவாரு, மூச்சு மட்டும் வேகமா ஓடிக்கிட்டு இருக்கும். வயசாயிடுச்சு, அதான் ஞாபகம் தப்புதுன்னு வீட்டுல விட்டுடுவாங்க. ஒரே நாள்ல வந்த குழப்பம் வயசால வர்றது இல்லைங்க, அதுக்குப் பின்னாடி ஏதோ இருக்கு, நிமோனியா அதுல முக்கியமான ஒன்னு.

ஆஸ்பத்திரில நிமோனியா எவ்ளோ தீவிரம்னு கணக்கு போட கர்ப்-65னு ஒரு ஸ்கோர் வெச்சிருக்காங்க, அஞ்சே அஞ்சு கேள்வி: புதுசா குழப்பம் இருக்கா, ரத்தத்துல யூரியா ஏறியிருக்கா, மூச்சு நிமிஷத்துக்கு 30 இல்ல அதுக்கு மேலயா, பிபி எறங்கியிருக்கா, வயசு 65 ஆச்சா. ஒவ்வொன்னுக்கும் ஒரு பாயின்ட். மத்த நாலும் நல்லா இருந்தாலும் 65 தாண்டின ஒரே காரணத்துக்கு ஒரு பாயின்ட் விழும். குழந்தைங்களுக்கு மூச்சு எண்ணுறதே பெரிய டெஸ்ட், ஸ்டெதாஸ்கோப் கூட வேணாம். இருமலோ மூச்சுத் திணறலோ இருக்க குழந்தை அழாம அமைதியா இருக்கும்போது முழுசா ஒரு நிமிஷம் நெஞ்சு ஏறி எறங்குறத எண்ணணும், ரெண்டு மாசத்துக்குள்ளன்னா 60, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50, ஒன்னுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40, இந்த எண்ணிக்கைய தொட்டாலோ தாண்டுனாலோ வேகமான மூச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சோட கீழ்ப்பக்கம் உள்ள குழியா போச்சுன்னா யோசிக்கவே வேணாம், கெளம்பிடுங்க.

தடுப்பூசி பெரியவங்களுக்கு வேலை செய்யுதான்னு கேட்டா, செய்யுது, ஆனா பூரணமா இல்ல. நெதர்லாந்துல 65 வயசுக்கு மேல சுமார் 85,000 பேர வெச்சு கான்ஜுகேட் தடுப்பூசிய சோதிச்சாங்க, 2015ல முடிவு வந்துச்சு. தடுப்பூசில இருக்க 13 வகையால வர்ற நிமோனியா மொத தாக்குதல் சுமார் 45 சதவீதம் கொறஞ்சுது, அதே வகைங்க ரத்தம் மாதிரி எடங்களுக்கு பரவுற தீவிர நோய் 75 சதவீதம் கொறஞ்சுது. இப்போ 20, 21 வகைக்கு எதிரான ஊசிங்க வந்தாச்சு. அமெரிக்கால இந்த ஊசிய போட்டுக்கச் சொல்ற வயசு வரம்பு ரொம்ப நாளா 65னு இருந்துச்சு, அதை 2024 அக்டோபர்ல 50 ஆக்கினாங்க, அந்த கிராஃப்ல கோடு அம்பதுலயே வேகம் புடிக்குதுன்னு சொன்னேன்ல. உங்களுக்கு எந்த ஊசி எப்போன்னு டாக்டருகிட்ட கேளுங்க, முன்னாடி எது போட்டிருக்கீங்கங்கறத பொறுத்து அது மாறும். ஃப்ளூ ஊசியும் இதோட சேத்தியேதான், ஏன்னா ஃப்ளூ சீலியாவையும் மூச்சுக்குழாய் உள்பூச்சையும் நாசம் பண்ணிட்டு போன பின்னாடிதான் நிமோகாக்கஸுக்கு பாதை சுலபமாகுது.

பெரியவங்களுக்கு கெடைச்ச பெரிய பாதுகாப்பு அவங்களுக்குப் போட்ட ஊசியால மட்டும் வரலங்கறது இன்னொரு சுவாரஸ்யம். அமெரிக்கால 2000க்கு அப்புறம் பச்சக் குழந்தைங்களுக்கு கான்ஜுகேட் ஊசி போட ஆரம்பிச்சதும், ஊசியே போடாத தாத்தா பாட்டிங்ககிட்டயும் அந்த வகை நிமோகாக்கஸால வர்ற தீவிர நோய் எறங்க ஆரம்பிச்சுது. கிருமியோட முக்கியமான குடியிருப்பு குழந்தைங்க மூக்குதானே, அங்க அந்த வகைங்க தங்க முடியாமப் போனதும் பேரன்கிட்ட இருந்து தாத்தாவுக்குப் போறதும் நின்னுடுச்சு. காலியான எடத்துக்கு ஊசில இல்லாத வேற வகைங்க வந்து உக்காந்துச்சு, அதனாலதான் ஊசில வகை எண்ணிக்கைய ஏத்திக்கிட்டே போறாங்க.

செல்லு நடைய மாத்துற மருந்து வர்றப்போ வரட்டும், உள்ள எறங்குற பாக்டீரியா அளவ கொறைக்கறது இப்பவே கையில இருக்கு. சிகரெட்ட விடறது ஒன்னு. வாய சுத்தமா வெச்சுக்கறது இன்னொன்னு, ராத்திரி எறங்குறது எச்சில்தானே, எச்சில்ல என்ன இருக்கோ அதுதான் நுரையீரலுக்கும் போகும். முழுங்கறதுக்கு கஷ்டப்படுறவங்கள படுக்க வெச்சு ஊட்டாம நிமித்தி உக்கார வெச்சு குடுக்கணும், சாப்பிட்ட உடனே படுக்க வைக்கக் கூடாது. பல் செட் போட்டிருக்கவங்க ராத்திரி அதைக் கழட்டி கழுவி வெச்சுட்டு படுக்கணும், ஜப்பான்ல 85 வயசு தாண்டினவங்கள வருஷக்கணக்கா கவனிச்சதுல செட்டோட தூங்குறவங்களுக்கு, கழட்டி வெச்சுட்டு தூங்குறவங்கள விட, நிமோனியா ஆபத்து ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு.